பூட்டிய நினைவகத்துக்கு வரம்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

லினக்ஸ் சர்வர்களை வேகப்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, நிரல்கள் நினைவகத்தில் எவ்வளவைப் பூட்டி வைக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மெம்லாக் வரம்பை ‘அன்லிமிடெட்’ (எல்லையற்றது) என்று வைத்துவிடுமாறு போகிற போக்கில் சொல்லியிருந்தது. பல ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அந்த யோசனை தவறானது என்று தெரிவிக்க விரும்புகிறேன்.

வட்டிலிருந்து தரவைக் கேட்டுவிட்டு, அது வரும்வரை காத்திராமல் நிரல் தன் வேலையைத் தொடர்வதே ஒத்திசையா உள்ளீடு-வெளியீடு. வட்டு தரவை நேரடியாக நினைவகத்தில் எழுதுவதால், எழுதி முடியும்வரை அந்த இடத்தின் பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் அசையாமல் பூட்டி வைக்கிறது. ‘பின்னிங்’ என்பது இதுதான். 2019-இல் லினக்ஸ் 5.1-உடன் வந்த ஐஓ யூரிங் என்ற ஒத்திசையா உள்ளீடு-வெளியீட்டு வசதியில், தரவு வந்து சேரும் நினைவகப் பகுதிகளான பஃபர்களை முன்கூட்டியே பதிவுசெய்து, ஒவ்வொரு முறையும் பூட்டித் திறக்கும் செலவைத் தவிர்க்கலாம். ஆனால் பதிவு நீங்கும்வரை அப்பக்கங்களை ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதிக்கு) அனுப்பவோ இடம் மாற்றவோ முடியாது. அப்படி நகராத 4 கிலோபைட் பக்கம் ஒன்று இடையில் நின்றாலே, அந்த இடத்தில் பல பக்கங்களை ஒன்றாக்கிய 2 மெகாபைட் பெரும்பக்கம் அமைக்க வழியில்லாமல் போகிறது.

கர்னலின் இயல்பு மெம்லாக் வரம்பு நெடுங்காலம் 64 கிலோபைட்டாக, அதாவது வெறும் 16 பக்கங்களாக இருந்தது உண்மையிலேயே போதாதுதான். 2022 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.16-இல் அது 8 மெகாபைட் ஆனது.

நான் பணியாற்றிய ஓரிடத்தில், ஒரே பயனர் கணக்கில் ஓடிய இரண்டு நிரல்கள் தலா 64 கிலோபைட் அளவில் 96 பஃபர்களைப் பதிவுசெய்ய முயன்றன. முதலாவது ஓடியது, இரண்டாவது ‘நினைவகம் ஒதுக்க இயலவில்லை’ என்று நின்றது. சர்வரிலோ நினைவகம் தாராளமாகக் காலியாக இருந்தது. முதல் நிரலின் நிலையைக் கர்னல் காட்டும் ஸ்டேட்டஸ் கோப்பில், பின்னிங் செய்யப்பட்ட அளவைச் சொல்லும் விஎம்பின் என்ற வரி 6144 கிலோபைட் என்று காட்டிய பிறகே விளங்கியது: ஐஓ யூரிங் இந்தக் கணக்கை நிரல்வாரியாக அல்ல, பயனர்வாரியாகக் கூட்டுகிறது; இரண்டும் சேர்ந்தால் 8 மெகாபைட் வரம்பைத் தாண்டிவிடும். அவசரத்தில் வரம்பை அடியோடு எடுத்துவிட்டோம். சில வாரங்களில், பதிவை நீக்க மறந்த ஒரு நிரல் நினைவகத்தின் பெரும்பகுதியைப் பூட்டிக்கொள்ள, இடம் தேடிய கர்னல் எந்தத் தவறும் செய்யாத தரவுத்தளத்தை நள்ளிரவில் கொன்றுவிட்டது.

பிறகு ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் பயனர் கணக்கு கொடுத்து, பஃபர்களின் எண்ணிக்கையை அளவால் பெருக்கி, சற்றே கூடுதலாக 8 மெகாபைட் என்று, நிரல்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கோப்பில் வரம்பை எழுதினோம். ரூட் (முழு நிர்வாகி) உரிமையுடன் ஓடும் நிரல்களை இவ்வரம்பு கட்டுப்படுத்தாது என்பதால், அந்த உரிமையையும் நீக்க வேண்டியிருந்தது.

புதிதாகச் சர்வர் வேலைக்கு வரும் இளைஞர்கள் தங்கள் பக்கத்தை நம்பி அப்படியே செய்துபார்ப்பார்கள். எனவே, அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.