கணினித் திரையின் மூலையில் மறையும் மொழிக்குறி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்ட பிறகு, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊர்களில் ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. நிலையம், அட்சயா மையம் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) என்று கணினியை நம்பித் தொழில் செய்வோர் பலரும் விண்டோஸ் 11க்கு மாறி வருகிறோம். புதிய இயந்திரம் வேகமாக இருக்கிறது. திரையும் அழகாக இருக்கிறது. ஆனால், பணிப்பட்டையின் (டாஸ்க்பார்) வலக்கோடியில் கடிகாரத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் சிறு ஐகான்களில் பெரும்பாலானவை, மேல்நோக்கிய ஒரு சிறு அம்புக்குறிக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. சிஸ்டம் ட்ரே என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இந்த மூலையை அவரவர் வேலைக்கு ஏற்ப ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாமல் இருப்பதும், கணினியை நிறுவித் தருபவர்கள் அதைச் செய்யாமலே போய்விடுவதும் எல்லைப் பகுதியில் எவ்வளவு தொல்லை தருகின்றன என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் ஓர் அலுவலகத்தில் இது பெரிய விஷயமாகத் தோன்றாது. அங்கே ஒரு கணினியில் ஆங்கிலமும் இன்னொரு மொழியும் இருந்தால் போதும். இங்கே நிலைமை வேறு. வில்லேஜ் ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய மனுவை மலையாளத்தில் அடித்து முடித்த கையோடு, பொள்ளாச்சியில் அச்சாகப் போகும் கல்யாணப் பத்திரிகையைத் தமிழில் அடிக்க வேண்டும். நடுவில் ஒருவர் வந்து இணையதளத்தில் பதிவு செய்யச் சொன்னால் கடவுச்சொல்லை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். தமிழுக்குள்ளேயே ஒருவர் தமிழ் 99 முறையிலும், இன்னொருவர் பழைய தட்டச்சு முறையிலும், பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில ஒலிப்பு முறையிலும் அடிக்கிறார்கள். விசைப்பலகையில் ‘எச்’ என்ற ஒரே விசையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் 99இல் அது ‘க’ தரும். இந்திய மொழிகளுக்கான பொது விசைப்பலகை முறையான இன்ஸ்கிரிப்டில் மலையாளம் அடிக்கும்போது ‘ப’ தரும். ஆங்கிலத்தில் ஆங்கில எழுத்தையே தரும். எந்த முறை இயக்கத்தில் இருக்கிறது என்பதை விசையைப் பார்த்து அறிய முடியாது; ஓர் எழுத்தாவது அடித்துப் பார்த்தாக வேண்டும். அல்லது திரையின் மூலையில் இருக்கும் மொழிக்குறியைப் பார்க்க வேண்டும். கொழிஞ்சாம்பாறை நிறுத்தத்தில் நிற்பவர் வருகிற பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகே ஏறுவது போல, அந்தக் குறியைப் பார்த்த பிறகே எங்கள் விரல்கள் இயங்குகின்றன.

கடவுச்சொல் கட்டத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அங்கே எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகள்தான் தெரியும் என்பதால், தமிழ் இயக்கத்தில் இருக்கிறதா ஆங்கிலமா என்று அடித்துப் பார்த்தும் கண்டுகொள்ள வழியில்லை. தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சில தளங்கள் கணக்கையே சில மணி நேரம் பூட்டிவிடுகின்றன. வேலந்தாவளத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த கூலித் தொழிலாளி ஒருவர் அன்றைய நாளை அப்படியே இழக்கிறார். காரணம் எவருக்கும் புரிவதில்லை, ‘சர்வர் சரியில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

ஐகான்களை மறைக்கும் ஏற்பாடு புதிதன்று. 1995இல் வந்த விண்டோஸ் 95தான் பணிப்பட்டையையும் கடிகாரத்தை ஒட்டிய இந்த மூலையையும் அறிமுகப்படுத்தியது. நிறுவுகிற ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் ஐகானை அங்கே நிறுத்திக்கொண்டதால் கூட்டம் பெருகியது. 2001இல் வந்த எக்ஸ்பி, பயன்படாமல் கிடப்பவற்றை மறைத்து வைக்கத் தொடங்கியது. 2009இல் வந்த விண்டோஸ் 7, புதிதாக வரும் எந்த ஐகானையும் முதலில் மறைத்தே வைப்பது என்று முடிவு செய்தது. எந்த மென்பொருளும் தன் ஐகானைத் தானாக வெளியே நிறுத்திக்கொள்ள முடியாது, பயனர்தான் அதை வெளியே எடுக்க வேண்டும் என்பது அன்று முதல் உள்ள விதி. நல்ல விதிதான், விளம்பரப் பலகைகளைப் போல எல்லா நிறுவனங்களும் அந்த மூலையை ஆக்கிரமிப்பதை அது தடுக்கிறது. ஆனால் வெளியே எடுக்க வேண்டியது தன் வேலை என்று பயனருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

விண்டோஸ் 11இல் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பணிப்பட்டையின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்தால் ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ என்ற வரி வரும். அதைத் திறந்து ‘அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்’ என்ற பகுதியை விரித்தால், அந்தக் கணினியில் இதுவரை ட்ரேயில் தலைகாட்டிய மென்பொருள்களின் பட்டியல் தெரியும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பொத்தான் இருக்கும். எது எப்போதும் கண்ணில் பட வேண்டுமோ அதன் பொத்தானை இயக்கினால் போதும். அந்தப் பட்டியலில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்று ஒரு பெயர் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள்; பென் டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றுவதற்கான ஐகான் அந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் 10 வரை ‘எல்லா ஐகான்களையும் எப்போதும் காட்டு’ என்று ஒரே பொத்தானில் முடித்துவிடும் வசதி இருந்தது. விண்டோஸ் 11இன் செட்டிங்ஸ் பக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, ஏனெனில் எல்லாவற்றையும் காட்டுவது எதையும் காட்டாததற்குச் சமம். இருபது ஐகான்களுக்கு நடுவில் மொழிக்குறியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. இந்த ஏற்பாடு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியானது. கடை உரிமையாளர் தன் கணக்கில் செய்து வைத்தது, மாலையில் வேறு கணக்கில் நுழையும் உதவியாளருக்குத் தெரியாது. அவர் கணக்கிலும் அதையே செய்ய வேண்டும். மற்றொன்று, சில மென்பொருள்கள் புதிய பதிப்புக்கு மாறும்போது வேறொரு கோப்புறையில் போய் அமர்கின்றன. விண்டோஸ் அதைப் புதிய ஐகானாகவே எண்ணி மீண்டும் மறைத்துவிடும். ‘நேற்று இருந்தது, இன்று காணோம்’ என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதனால்தான் என்பது என் கணிப்பு.

மொழிக்குறியைச் சொடுக்கினால் விரியும் பட்டியலையும் சீர்செய்வது அவசியம். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஒவ்வொரு விசைப்பலகையாக மாறிக்கொண்டே போகும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் கணினி வாங்கும்போதே அமெரிக்க ஆங்கிலம், இந்திய ஆங்கிலம் என்று இரண்டு இருக்கும். தமிழைச் சேர்க்கும்போது இன்ஸ்கிரிப்டும், பிறகு தமிழ் 99உம், விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பு முதல் கிடைக்கும் ஒலிப்பு முறையும் சேர்ந்துவிடும். மலையாளத்துக்கும் அதேபோல இரண்டு. ஆறு, ஏழு படி தாண்டினால்தான் வேண்டியது வரும் என்றால் எவரும் பொறுமை இழப்பார்கள். மொழி அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு மொழியின் விருப்பங்களையும் திறந்து, கடையில் எவரும் பயன்படுத்தாத விசைப்பலகைகளை நீக்கிவிட்டால் பட்டியல் மூன்று நான்கு வரியில் அடங்கும். ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ என்ற பக்கத்தில் இன்னும் இரண்டு நல்ல வசதிகள் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி மொழியை நினைவில் வைத்துக்கொள்வது. வேர்டு கோப்பில் தமிழும் பிரவுசரில் ஆங்கிலமும் கலக்காமல் நிற்க இது உதவும். மற்றொன்று, பழைய லாங்குவேஜ் பாரைத் திரும்ப அழைத்து, அதைத் திரையில் நமக்குப் பிடித்த இடத்தில் மிதக்க விடுவது. கண் மங்கிய மூத்தவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

எங்கள் பகுதியில் பெரிய தலைவலி, இரண்டு அடுக்காக மொழி மாறுவதுதான். விண்டோஸ் தரும் விசைப்பலகைகள் ஒரு புறம் இருக்க, என்.எச்.எம். ரைட்டர், அழகி, கீமேன் போன்ற தனி மென்பொருள்களில் ஒன்றைப் பலரும் பழக்கத்தால் வைத்திருக்கிறோம். மலையாளத்துக்கு சி-டாக் நிறுவனத்தின் ஐ.எஸ்.எம். மென்பொருளும் பழைய கணினிகளில் உண்டு. விண்டோஸ் மொழிக்குறி மலையாளத்தில் நிற்கும்போது என்.எச்.எம். ரைட்டரின் மணி வடிவ ஐகானும் தமிழில் விழித்திருந்தால், திரையில் வருவது எந்த மொழியிலும் சேராது. மணி ஐகான் அம்புக்குறிக்குள் மறைந்திருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். ஆகவே இரண்டு குறிகளும் அருகருகே, எப்போதும் தெரியும்படி இருக்க வேண்டும். தனி மென்பொருளால் தமிழ் அடிக்கும் நேரத்தில் விண்டோஸ் ஆங்கிலத்தில் நிற்க வேண்டும். இந்த ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தால் தொல்லை பெரும்பாலும் தீரும்.

வேறு எவற்றை வெளியே வைக்கலாம் என்பது அவரவர் தொழிலைப் பொறுத்தது. பஞ்சாயத்து அலுவலகங்களிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் ஐகான் தெரிய வேண்டும். பென் டிரைவோடு வாடிக்கையாளர் வரும் கடைகளில் அதைக் கழற்றும் ஐகான் தெரிய வேண்டும். விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர் பதிப்புக்குப் பிறகு விரைவாகக் கழற்றும் முறையே இயல்பாக அமைந்திருப்பதால் பழைய அளவு ஆபத்து இல்லை என்றாலும், கோப்பு பதிவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிடுங்கினால் கோப்பு கெடும். வீடியோ கார்டு, ஒலி மேம்பாடு, பிரிண்டர் மை விற்கும் அறிவிப்பு ஆகியவை உள்ளேயே கிடக்கட்டும்.

ஆனால் உள்ளே கிடப்பவற்றையும் நாள் முடிவில் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும் என்பதைப் பொது மையம் நடத்துவோர் மறந்துவிடக் கூடாது. செய்திப் பரிமாற்றச் செயலிகளிலும் கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் செயலிகளிலும் பல, ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தினால் மூடுவதில்லை. ட்ரேக்குள் நழுவி ஓடிக்கொண்டே இருக்கின்றன. தன் கணக்கைத் திறந்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போன வாடிக்கையாளர் மூடிவிட்டதாகவே நம்பிச் செல்கிறார். அடுத்து அமர்பவர் அம்புக்குறியைச் சொடுக்கினால் முந்தையவரின் குடும்பப் பேச்சு முழுவதும் திறந்துகொள்கிறது. அந்த ஐகானில் ரைட் கிளிக் செய்து, வரும் மெனுவில் வெளியேறும் வரியைத் தேர்ந்தால்தான் செயலி நிற்கும். கணக்கிலிருந்து வெளியேறுவது அதற்கு முன்பே தனியாகச் செய்ய வேண்டிய வேலை. பெண்கள் அதிகம் வந்துபோகும் மையங்களில் இதை அறிவிப்பாகவே எழுதி ஒட்டலாம்.

மவுசைப் பிடிக்க இயலாதவர்கள் விண்டோஸ் விசையுடன் ‘பி’யை (B) அழுத்தி, அம்பு விசைகளால் ட்ரேயில் ஒவ்வொன்றாக நகர்ந்து, என்டர் தட்டித் திறக்கலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இனி, பள்ளிக்கூடங்கள். கேரளத்து அரசுப் பள்ளிகளில், மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் உபுண்டுவை அடிப்படையாக வைத்து உருவாக்கித் தரும் குனு/லினக்ஸ் இயங்குதளம்தான் பயன்பாட்டில் இருக்கிறது. சித்தூர் தாலூகாவிலும் இடுக்கியிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் ஒரு முறையையும் வீட்டிலோ கடையிலோ விண்டோஸ் முறையையும் பழக வேண்டியிருக்கிறது. உபுண்டுவின் திரையமைப்பான குனோமில் மொழிக்குறி மேல் பட்டையின் வலப்பக்கம் வரும். ஆனால் விசைப்பலகை அமைப்பில் இரண்டாவது உள்ளீட்டு முறை ஒன்றைச் சேர்த்தால்தான் அது தோன்றும். ஆங்கிலம் மட்டும் இருக்கும் கணினியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தமிழ் 99, இன்ஸ்கிரிப்ட், ஒலிப்பு முறை எல்லாம் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக அங்கே கிடைக்கின்றன. மாற்றும் விசையும் விண்டோஸில் உள்ளதேதான். மலையாளம் மட்டும் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வகங்களில் தமிழையும் சேர்க்க ஆசிரியருக்குச் சில நிமிடங்கள் போதும். குனோம் 2017இல் வெளியிட்ட 3.26 பதிப்பில் பழைய ட்ரேயை நீக்கிவிட்டது. அதை ஈடுசெய்யும் நீட்டிப்பை உபுண்டு தானே சேர்த்துத் தருகிறது. ஐகான்களின் ஒழுங்கை நுணுக்கமாக அமைத்துக்கொள்ள விரும்புவோருக்கு, லினக்ஸின் இன்னொரு திரையமைப்பான கே.டி.இ. பிளாஸ்மாவே என் தேர்வு. அதில் ஒவ்வொரு ஐகானையும் எப்போதும் காட்டவோ, எப்போதும் மறைக்கவோ, தேவைப்படும்போது மட்டும் காட்டவோ சொல்லலாம். இந்த மூன்றாவது வகை விண்டோஸிலும் 7 காலத்தில் ஏறத்தாழ இருந்தது, இப்போது இல்லாமல் போனது இழப்புதான்.

கேரளப் பக்கத்து அட்சயா மையங்களுக்கும் தமிழகப் பக்கத்து இ-சேவை மையங்களுக்கும் கணினி நிறுவித் தருபவர்கள், ஒப்படைக்கும் முன்பு இந்த மூலையையும் மொழிப் பட்டியலையும் அந்தந்த மையத்தில் புழங்கும் மொழிகளுக்கு ஏற்ப அமைத்துத் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதோடு, தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் விண்டோஸ் 11க்கும் உபுண்டுவுக்கும் இந்த அமைப்புப் பக்கங்களைத் திரைப்பிடிப்புப் படங்களோடு (ஸ்கிரீன்ஷாட்) அரைப் பக்க அளவில் வெளியிட்டால், அதை வெட்டி மேசை மேல் ஒட்டி வைத்துக்கொள்ள எங்கள் ஊர்க் கடைகள் பலவும் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டி.டி.பி. நிலையம் நடத்தும் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.