கடற்போர்ப் பதக்கச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நான்கு கூட்டங்கள் நடந்தன. ரிப்பன் வண்ணங்கள் பற்றி ஒன்று, வெள்ளியைத் தேய்க்காமல் காப்பது பற்றி ஒன்று, மற்ற இரண்டும் பரிமாற்றக் கூட்டங்கள்.

இனி விளிம்புப் பதிவேடு, அதாவது உறுப்பினர்களின் பதக்க விளிம்புகளைப் படமெடுத்துச் சேர்த்துவைக்கும் பதிவேடு. போன பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிந்தபோது, “முகம் இருக்க விளிம்பை எதற்குப் படமெடுப்பது?” என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை. 1847-இல் ஏற்படுத்தப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைப் பொதுச்சேவைப் பதக்கம் 1793 முதல் 1840 வரையிலான போர்களுக்கானது. அப்போது உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். முன்பக்கம் விக்டோரியா, பின்பக்கம் மீன்வால் கொண்ட கடற்குதிரைமேல் பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியா, எல்லாவற்றிலும் இதேதான். இன்னாருடையது என்று சொல்வது விளிம்பில் அச்சான பெயர் ஒன்றே. கப்பலின் பெயர்கூட அதில் இருக்காது.

1805 டிரஃபால்கர் கடற்போரின் பெயர் பொறித்து ரிப்பனில் மாட்டும் பட்டையுடன், ஓர் உறுப்பினர் இந்தப் பதக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் கருவியில் அளந்தோம். 36 மி.மீ. இருக்கவேண்டிய விட்டம் பெயர் வரும் இடத்தில் குறைந்தது. விளக்கடியில் சாய்த்தால் அரம் ஓடிய கோடுகள். புதிய எழுத்துகளுக்கு நடுவே பழைய எழுத்து ஒன்றின் அடிக்கால் மட்டும் மிச்சம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்கம் பெற்றவர்களின் பெயர்களைத் தரும் ஏ.டி.எம். 171 பட்டியலிலும் அந்தப் புதிய பெயர் அந்தப் போருக்கு இல்லை. யாரோ ஒரு மாலுமியின் பெயரை அழித்திருக்கிறார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்புறம், ரஷ்யாவுக்கு எதிரான 1854-55 பால்டிக் கடல் போருக்கான பதக்கம் வைத்திருந்த இன்னொருவர், விளிம்பில் பெயரில்லை என்று அதைக் கழித்துவிட இருந்தார். கடற்படையினருக்கு அது பெயரில்லாமலே வழங்கப்பட்டது என்று விளக்கித் தடுத்தேன்.

இதற்காகத்தான் விளிம்புப் படம் கேட்டு மூன்று முறை எழுதினேன். அனுப்பியவர்கள் ஐந்து பேர். நான்காம் கூட்டத்துக்கு வந்தவர்களும் ஏறக்குறைய அதே ஐவர்தான். சந்தா பாக்கி பாதிக்கு மேல் நிற்கிறது. ஊர் மாறினேன், மறந்துவிட்டேன் என்கிறார்கள். சரி, ஆனால் பதக்கம் வாங்க யாரும் மறக்கவில்லையே.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை செய்தவருக்கும் கூட்டங்களுக்கு இடம் தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் யார் இருந்தாலும் பதிவேடு நிற்கக்கூடாது. ஒளி ஒரு பக்கமிருந்து விழ, பதக்கத்தை மெல்லத் திருப்பி, விளிம்பு முழுவதும் வருமாறு ஆறேழு படங்கள் எடுத்தால் போதும். சந்தாவையும் அதோடு சேர்த்தே அனுப்பலாம்.

இப்படிக்கு,
செயலாளர்