ஃபொக் லைட் பூட்டினால் பியூஸ் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் பகலிலேயே லைட் போட்டுத்தான் ஓட வேண்டியிருக்கிறது. இறம்பொடை வளைவுகளில் பனி மூடினால் முன்னால் போகும் பஸ்ஸே தெரியாது. ஆகவே ஃபொக் லைட் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஹெட்லைட் வயரைச் சுரண்டி, புது வயரை அதில் முறுக்கி, டேப் சுற்றிவிடும் வேலையை நிறுத்த வேண்டும்.

55 வோட் பல்ப் இரண்டு எரிய 9 அம்பியருக்கு மேல் வேண்டும். அந்தச் சுமை ஹெட்லைட்டின் வயருக்கும் சுவிட்சுக்கும் கணக்கில் இல்லாதது. சுவிட்சின் உள்முனை கருகும், வெளிச்சமும் மங்கும். ஒரு வோல்ட் குறைந்தாலே ஹலஜன் பல்ப் கிட்டத்தட்ட கால்வாசி ஒளியை இழந்துவிடும்.

சரியான வழிக்குத் தேவை ஒரு நாலு கால் ரிலே (சுவிட்சின் சிறு மின்சாரத்தால் லைட்டின் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெட்டி), 15 அம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கடைசியில் மாட்டுவதும் அதுவே. ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும். பேட்டரி பிளஸிலிருந்து பியூஸ் வழியாக ரிலேயின் 30க்கு, 87இலிருந்து லைட்டுக்கு, 85 எர்த்துக்கு (வண்டியின் இரும்புடலுக்கு), 86 சுவிட்சுக்கு. சுவிட்சுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் மறந்துவிட்டுப் போகிற இரவில் பேட்டரி இறங்கிவிடும்.

பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பலர் அதை லைட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அது காப்பது பல்பை அல்ல, வயரை. இடையில் எங்காவது வயர் உரசி வண்டியின் இரும்புடலில் பட்டால், பியூஸுக்கு முன்னாலுள்ள துண்டு முழுவதும் காவலின்றிச் சிவந்து எரியும். பியூஸ் போனால் 30 அம்பியர் போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவதும் அதே தீயைக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

நம் ஈரத்துக்கு முறுக்கிய இணைப்பு நிற்காது. டேப்பின் பசை விட்டு, செம்பு இழைகளில் பச்சைப் பூச்சு ஏறி, அந்த இடத்தில் சூடு பிடிக்கும். இணைப்பை கிரிம்ப் அடித்து (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி), உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போடுங்கள். எர்த் வயர் நுனிக்கு லக் (போல்ட் நுழையும் வளையம்) அடித்து, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ட் முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். தகட்டுத் துளை வழியாக வயர் போனால் ரப்பர் குரோமட் (துளை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். தோட்டத்துக் கல் ரோட்டுக் குலுக்கலில் தகட்டின் விளிம்பு கத்திபோல் அறுத்துவிடும்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டுக் கால் மணி நேரம் லைட்டை எரியவிடுங்கள். ரிலே, பியூஸ் கூடு, இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரலை வைத்திருக்க முடியாவிட்டால் அங்கே பிடி தளர்ந்திருக்கிறது, கழற்றித் திரும்பச் செய்ய வேண்டும்.

ஓட்டோக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: ஹோர்ன் வயரிலேயே செட், சார்ஜர், கலர் லைட் எல்லாவற்றையும் தொங்கவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் பியூஸ் வேண்டும்.

வாகன மின்வேலை தெரிந்த வாசகர்,
ஹட்டன்.