எம்ஆர்ஐ-ய கொஞ்ச நேரம் மூடி வைங்க: நியூராலஜி புரொபசர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார், மேடம் எல்லாருக்கும்,

வடசென்னையில டிஎம் நியூராலஜி (எம்டிக்கு அப்புறம் படிக்கற நரம்பியல் படிப்பு) படிக்கற ஒருத்தன் எழுதறேன், எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் கேக்காதீங்க. மதியம் 2 மணி கிளாஸ் பத்திதான் பேசணும். நைட் டூட்டி, அப்புறம் ரவுண்ட்ஸ், சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்து உக்காந்தா லைட்ட அணைச்சுட்டு ஸ்லைடு ஓடுது, ஒரு ஜூனியர் அத அப்டியே வாசிக்கறாரு, பாதி பேரு தூங்கறோம், மீதி பேரு வாட்ஸ்அப்ல அட்மிஷன் பாக்கறோம். கடைசியா எம்ஆர்ஐ வந்ததும் எல்லாரும் முழிச்சுக்கறோம், ஏன்னா விடை அதுல இருக்கு.

சார், விடைய முதல்லயே பாத்துட்டா லோக்கலைசேஷன், அதாவது நரம்புல பிரச்சனை எந்த இடத்துலன்னு பரிசோதிச்சே கண்டுபிடிக்கறது, எப்டி வரும்?

வார்டுல நடந்த ஒண்ணு சொல்றேன். காசிமேட்டுல வலை வேலை பாக்கற அண்ணன் ஒருத்தர், ஃபுட் ட்ராப், பாதத்த மேல தூக்க முடியல. ரெஃபரல் சீட்டுல எல்5 டிஸ்க் (கீழ்முதுகுல டிஸ்க் நரம்ப அழுத்துதுன்னு சந்தேகம்), ஸ்பைன் எம்ஆர்ஐ எடுங்கன்னு எழுதி இருந்துச்சு. எங்க யூனிட் சார் முதல்ல கேட்டது, "செருப்பு கழண்டு போவுதா? கழண்டா தெரியுதா?" அவரு, "தெர்து சார், ஆனா புட்ச்சிக்க முடியல". தெரியாமயே கழண்டா சென்சரி (உணர்ச்சி) பக்கம் யோசிக்கணும், தெரிஞ்சே கழண்டா வீக்னஸ். அடுத்து பாதத்த உள்பக்கமா திருப்ப சொன்னாரு, பவர் ஃபுல்லா இருக்கு. எல்5 ரூட்டுல, அதாவது முதுகுல இருந்து கிளம்பற நரம்பு வேர்ல, அடின்னா அதுவும் வீக் ஆகணும், ஏன்னா பாதத்த உள்பக்கமா திருப்பற டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைக்கு எல்5 சப்ளை டிபியல் நெர்வ்ங்கற வேற நரம்பு வழியா போகுது. அப்ப பிரச்சனை முதுகுல இல்ல, முட்டிக்கு வெளிப்பக்கம் ஃபிபுலா எலும்போட கழுத்துல, பாதத்த மேல தூக்க வைக்கற காமன் பெரோனியல் நெர்வ். எப்டி உக்காந்து வேலை பாப்பீங்கன்னு கேட்டா, மணிக்கணக்கா குந்திக்கினுதான்னாரு, அப்டி குந்தறதுல அந்த நெர்வ் அழுந்தும். நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் அப்புறம் பண்ணிக்கிட்டோம், ஆனா அதுக்கு முன்னாடியே அங்க நின்ன அத்தன பேருக்கும் விடை தெரிஞ்சுடுச்சு. அன்னிக்கு ஒருத்தனும் தூங்கல.

1994ல ஜோசஃபோவிச்ங்கற அமெரிக்க நியூராலஜிஸ்ட் 'நியூரோபோபியா'ன்னு பேர் வச்சாரே, படிச்ச அனாட்டமிய பேஷண்ட்கிட்ட பொருத்தத் தெரியாததால வர்ற பயம். அது எம்பிபிஎஸ் பசங்களுக்குன்னு நினைக்கறீங்க, எம்டி முடிச்சு டிஎம் வந்தவங்ககிட்டயும் இருக்கு, வெளிய சொல்றதில்ல அவ்ளோதான்.

அதனால வாரத்துல ஒரு கிளாஸாவது பேஷண்ட்ட வச்சு, அவரு சம்மதத்தோட, நடத்துங்க. ஹிஸ்டரி, எக்ஸாமினேஷன், லீஷன் (பாதிச்ச இடம்) எங்கன்னு ஒவ்வொருத்தரும் பேப்பர்ல எழுதி குடுக்கணும், அதுக்கப்புறம் ஃபிலிம் தொறக்கலாம். ஸ்ட்ரோக் பேஷண்ட்ட இப்டி நிறுத்தி வைக்க சொல்லல, ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி போட பொதுவா நாலரை மணி நேரம்தான் இருக்கு, அங்க சிடி உடனே எடுத்தே ஆகணும். நான் கேக்கறது பாடத்துக்கு. மூணு வருஷ கோர்ஸ் சார், ஸ்லைடு வாசிச்சே போயிடும்.

டிபார்ட்மென்ட் செலவுல 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் ரெண்டு வாங்குங்க. இப்ப வைப்ரேஷன் (அதிர்வு உணர்ச்சி) பாக்க வச்சிருக்கறது ஈஎன்டில கடன் வாங்குன 512, அது காது டெஸ்ட்டுக்கானது.

இப்படிக்கு,
ரெண்டாம் வருஷ டிஎம்