பன்றிச் சீரத்தில் சோதித்துக் காட்டுங்கள்

செல்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளை, எதிர்ப்பொருளைக் (ஆன்டிபாடி) கொண்டு அளக்கும் எலைசா சோதனைக் கிட்டுகளைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

பன்றிக்குட்டிகளின் வளர்ச்சியை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் நாள்தோறும் இந்தக் கிட்டுகளோடு வேலை செய்பவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பெட்டியின் மேல் ‘பன்றிக்கு உரியது’ என்று அச்சிடும் முன், அந்தக் கிட்டைப் பன்றியின் சீரத்திலும் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) பிளாஸ்மாவிலும் (உறையவிடாமல் பிரித்தெடுத்த இரத்த நீர்) சோதித்து, கிடைத்த எண்களைக் கையேட்டிலேயே வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் படித்த கையேடுகள் பலவற்றில், தாங்கல் கரைசலில் கலந்த தூய புரதத்தை வைத்தே மீட்பு விழுக்காடு, அதாவது கலந்ததில் எவ்வளவு அளவீட்டில் திரும்பக் கிடைத்தது என்பது, கணக்கிடப்பட்டிருக்கிறது. சீரத்தின் நிலைமை வேறு. ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணி இரத்தத்தில் பெரும்பாலும் பிணைப்புப் புரதங்களின் பிடியில் இருப்பதால், அமிலத்தைக் கொண்டு அதைப் பிரித்து, மறுபடி போய் ஒட்டிக்கொள்ளாதபடி தடுத்தால்தான் எதிர்ப்பொருள் அதை முழுமையாகப் பற்றும். டிஜிஎஃப்-பீட்டா 1 என்னும் இன்னொரு காரணி உறங்குநிலையில், அதாவது செயல்படாத வடிவில், இருப்பது. அமிலமிட்டுத் தூண்டி, பிறகு காரமிட்டு நடுநிலைப்படுத்தாமல் அளந்தால் கிடைப்பது மொத்த அளவே அன்று. அதோடு, இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் இதைக் கொட்டிவிடுவதால், ஒரே குட்டியின் சீரமும் பிளாஸ்மாவும் ஒரே விடையைத் தருவதில்லை. இவற்றையெல்லாம் ‘தேவைப்பட்டால் மாதிரியைத் தயார் செய்துகொள்ளவும்’ என்ற ஒற்றை வரியில் அடக்குவது நியாயமா?

முதிர்ந்த ஐஜிஎஃப்-1இன் 70 அமினோ அமிலங்களும் மனிதரிலும் பன்றியிலும் ஒன்றே. ஆகவே மனிதருக்கான எதிர்ப்பொருளைப் பன்றிக்குப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. அதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒருமுறை, ஆய்வின் நடுவில் ஒரு கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியது. புதிய பிளேட்டில் (குழிகள் கொண்ட சோதனைத் தட்டு) வினையை நிறுத்தும் கரைசலை விட்டதும் நீலம் வழக்கம்போல மஞ்சளானது. 450 நானோமீட்டர் ஒளியில் அளந்து, தெரிந்த அளவுகளை வைத்து வரைந்த ஸ்டாண்டர்டு வளைவும் அழகாகவே இருந்தது. ஆனால் ஒரே சீரத்தை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு நீர்த்து, நீர்த்த மடங்கால் பெருக்கிப் பார்த்தபோது, ஒரே அளவில் நிற்க வேண்டிய விடை படிக்குப் படி ஏறிக்கொண்டே போனது. குட்டிகளுக்குப் பால்குடி மறக்கடித்த அன்று எடுத்து, மைனஸ் 80 டிகிரியில் காத்துவைத்த சீரத்தில் பாதி அதற்குள் தீர்ந்திருந்தது. குட்டிகள் வளர்ந்துவிட்டன, அந்த நாளின் இரத்தத்தை இனி யாரும் எடுக்க முடியாது. ஊசி குத்தி எடுத்த இரத்தம் இப்படி வீணானது என்னை இன்றும் வருத்துகிறது.

ஆகவே, பன்றிச் சீரத்தின் நீர்த்தல் வரிசை முடிவுகளை ஒவ்வொரு லாட்டுக்கும் தனித்தனியாகத் தாருங்கள். லாட் மாறும்போது, பழைய லாட் தீருமுன்பே முன்கூட்டித் தெரிவித்து, இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்குச் பிளேட்டின் சில பட்டைக் குழிகளையாவது அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகப் பணியாளர்