உய்குர் கடையில் சோயா சோஸ்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிட்னி ஓபர்னில் புதிதாகத் திறந்திருக்கும் உய்குர் உணவகத்தைப் பற்றிச் சென்ற இதழில் உங்கள் விமர்சகர் எழுதியதைப் படித்தேன். உய்குர்கள் சீனாவின் வடமேற்கே சின்ஜியாங்கில் வாழும், துருக்கிக்கு உறவான மொழி பேசும் முஸ்லிம் மக்கள். ஒரு தட்டு நூடில்ஸுக்கு அரை மணித்தியாலம் காக்க வைத்தார்களாம், சோயா சோஸ்கூட மேசையில் வைக்காத சீனக்கடையாம். அதற்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டாவது நட்சத்திரம் எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். கார் நிறுத்த இடம் கிடைத்ததற்காக இருக்கலாம்.

நானும் அங்கே போய்ச் சாப்பிட்டேன். குசினி கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது. பிசைந்த மாவுக்கு எண்ணெய் தடவி, தட்டில் சுருளாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். நாம் என்ன வேண்டும் என்று சொன்ன பிறகுதான் ஒரு பெண் அதை எடுத்து இழுக்கத் தொடங்குகிறார். மடித்து இரு கையிலும் பிடித்து, கயிறடிப்பதுபோல் மேசையில் ஓங்கி அடிக்கிறார். அடிக்க அடிக்க நீளுகிறது. அப்புறம் கொதிநீரில் போட்டெடுத்து, ஆட்டிறைச்சியும் தக்காளியும் குடைமிளகாயும் வதக்கியதை மேலே ஊற்றித் தருகிறார்கள். லக்மான் என்றால் இதுதான். பைக்கற்றைப் பிரித்துக் கொட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வந்திருக்கும், உங்களவரும் மூன்றாவது நட்சத்திரம் போட்டிருப்பார். மேசையில் மிளகாய் எண்ணெயும் வினாகிரியும் இருந்தன. அவர் கண்ணில் படவில்லைப் போலும்.

கரட்டும் வெங்காயமும் ஆட்டிறைச்சியும் ஒரே சட்டியில் வெந்த பொலோ சோறு, சின்னச்சீரகம் தூவிக் கம்பியில் சுட்ட இறைச்சி, தந்தூர் அடுப்பில் வெந்த சம்சா. இவற்றைப் பற்றி விமர்சனத்தில் ஒரு வரி உண்டா? பக்கத்து மேசையில் ஒரு துருக்கிக் குடும்பம். அவர்கள் துருக்கியில் கேட்க, கடைக்காரர் உய்குரில் பதில் சொல்ல, பாதிக்குப் பாதி புரிந்து இரு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் சீனக்கடையில் நடந்தது இது.

உய்குர்களின் கஷ்கர் நகரம் எங்கே இருக்கிறது, பெய்ஜிங் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஆகஸ்ட் 31 அன்று, ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த மிஷேல் பச்லெட் தன் பதவிக்காலம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் சின்ஜியாங் அறிக்கையை வெளியிட்டார். அங்கே உய்குர்களுக்குச் சீன அரசு செய்தவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்றது அறிக்கை. அதற்கு நீங்களே உருக்கமாகத் தலையங்கம் எழுதினீர்கள், வெட்டி வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் அந்தச் சனங்களுக்காக அழுதுவிட்டு, பின்பக்கத்தில் அவர்களிடம் சோயா சோஸ் கேட்கலாமா? உங்கள் பத்திரிகையை உங்கள் அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லையா?

இது முதல் தடவையும் இல்லை. எங்கள் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழைக் கேரளத்து மீன் சூப் என்று எழுதியதும் இதே பக்கம்தான். ரயிலில் யாராவது நம்மை இந்தியரா என்று கேட்டுவிட்டால் வீடு வரும்வரை பொருமுகிறோம், நம் பத்திரிகையே இப்படி எழுதினால் யாரிடம் போய்ச் சொல்வது? கூழுக்காக அப்போதே ஒரு கடிதம் போட்டேன். அது வரவேண்டிய இடத்தில் நகைக்கடை விளம்பரம் வந்தது. நகைக்கடைக்காரர் பணம் தருகிறார், நான் சந்தா மட்டும்தானே கட்டுகிறேன். சரி, விடுங்கள். குறுக்கெழுத்து விடைகள் காணாமல் போவதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது கேட்பது ஒன்றுதான். நீங்கள் போட்ட முகவரி ரயில் பாதைக்கு மற்றப் பக்கம். அங்கே இருப்பது ஒரு மருந்துக்கடை. என் மச்சாள் குடும்பம் அதை நம்பிப் போய், மழையில் பிள்ளைகளோடு அலைந்துவிட்டுத் திரும்பியது. சரியான முகவரியையும், செவ்வாய்க்கிழமை கடை பூட்டு என்பதையும் அடுத்த இதழில் போட்டுவிடுங்கள். நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
பெண்டில் ஹில், சிட்னி