அம்மணிக்கு: பனிச்சறுக்குப் பலகை வாங்குமுன்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி இப்போது பரவாயில்லை. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று, எல்லாக் காட்டிலும் நடவு வேலை. பட்டறை வாசலில் டிராக்டர் வரிசை கட்டி நிற்கிறது, அதனால்தான் எந்த ஸ்கீ வாங்கலாம் என்று நீ கேட்டதற்குப் பதில் தள்ளிப்போனது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். எழுதினால் கடைக்குப் போகும்போதாவது எடுத்துப் பார்ப்பாய்.

நீ அனுப்பிய மூன்று ஸ்கீகளின் விவரமும் படித்தேன். மூன்றுமே இடுப்பகலம், அதாவது பலகையின் நடு அகலம், 106 மில்லிமீட்டருக்கு மேல். ஆபீஸ் தோழி வைத்திருப்பதைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது, தெரிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ஜோடிதான், அதுவும் லிஃப்ட் ஏறி ரிசார்ட்டுக்குள்ளேயே சறுக்கத்தான் என்றால், 95-க்கும் 100-க்கும் நடுவில் வாங்கு. 106 வேண்டாம்.

பனியே பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு மாமா ஸ்கீக்குத் தீர்ப்புச் சொல்கிறார் என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். அமெரிக்காவில் உன்னிடம் வந்திருந்தபோது நீங்கள் இருவரும் மேலே போன பிறகு நான் பொழுதெல்லாம் நின்றது அடிவாரத்து ரிப்பேர் கடையில்தான். எஃகு, மரம், அலுமினியத் தகடு, பசை, சாணைக்கல். இதில் எதுவும் எனக்குப் புதிதில்லை.

பலகை மேல் 132-98-120 என்கிற மாதிரி மூன்று எண் போட்டிருப்பார்கள். முன்முனை, இடுப்பு, வால் என்று மூன்று இடத்து அகலம், மில்லிமீட்டரில். நீ பார்க்க வேண்டியது நடு எண். உன் கால் நிற்கும் இடம் அது. முனையும் வாலும் அகன்று நடுவில் ஒடுங்கியிருப்பதால்தான் பலகையைச் சாய்த்தால் தானாக வளைந்து போகிறது. அந்த வளைவு எவ்வளவு பெரிய வட்டத்தின் துண்டு என்பதை மீட்டரில் போட்டிருப்பார்கள். 14, 15 என்றால் சட்டென்று திரும்பும். 22-க்கு மேல் போனால் வேகமாக, நீளமாகத் திரும்ப ஆசைப்படும். உனக்கு 15-லிருந்து 18-க்குள் இருந்தால் போதும்.

அகலம் எதற்கு என்பது உனக்குச் சொல்லாமலே விளங்கும். சேற்று வயலில் இறங்கும் டிராக்டருக்குக் கேஜ் வீல் என்ற அகன்ற இரும்புச் சக்கரம் மாட்டுகிறோம், புதையாமல் மிதந்து போகட்டும் என்று. அதே வண்டியைக் கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓட்டிப் பார், ரோடும் கெடும், வண்டியும் ஆடும், ஓட்டுகிறவன் இடுப்பும் போகும். அகலப் பலகை புதுப் பனியில் மிதக்கும். கெட்டித் தரையில் அதுவே பாரம்.

நீ இருப்பது சால்ட் லேக் சிட்டி, ஆல்ட்டா, ஸ்னோபேர்டு ரிசார்ட்டுகள் பக்கத்திலேயே, உலர்ந்த லேசான பனிக்குப் பேர் போன இடம், அதனால் அகலமாக வாங்கலாமே என்பாய். பாதி நியாயம்தான். வெர்மான்ட் மாதிரி ஐஸ் கட்டிக் கிடக்கும் ஊராக இருந்தால் 88 போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். நீ இருக்கும் ஊருக்காகத்தான் 95-க்கு ஏறினேன். ஆனால் ரிசார்ட்டில் புதுப் பனி எத்தனை நேரம் புதுப் பனியாக இருக்கிறது? நான் பார்த்த காலையில் ஒன்பது மணிக்கு லிஃப்ட் திறந்தார்கள், பதினொன்றுக்கெல்லாம் ஆயிரம் பேர் உழுது கட்டி கட்டியாகப் போட்டுவிட்டார்கள். மதியத்துக்கு மேல் அதே சரிவு அமுங்கி இறுகிப்போகிறது. மறுநாள் காலை இயந்திரம் விட்டுச் சீவிய கெட்டித் தரை. பெரும்பனி கொட்டும் நாளிலோ, பனிச்சரிவுக்குப் பயந்து அந்த ரிசார்ட்டுகளுக்குப் போகும் பள்ளத்தாக்கின் 210-ஆம் எண் சாலையையே மூடிவிடுகிறார்கள். நீ வேலைக்குப் போகிறவள், சனி ஞாயிறுதான் மலை. உன் காலுக்குக் கீழே பெரும்பாலும் இருக்கப்போவது உழுது கலைந்த பனியும் சீவிய தரையும்தான். பலகை அதற்குத் தோதாக இருக்க வேண்டும்.

முழங்கால் சங்கதி தனி. பலகையைச் சாய்த்து எஃகு ஓரத்தில் நிற்கும்போது, அந்த ஓரம் உன் காலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு முறுக்கு முழங்காலுக்குப் போகும். 98-க்கும் 108-க்கும் வித்தியாசம் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதே. கெட்டித் தரையில் நாள் முழுக்க அந்த 5 மில்லிமீட்டரை நெம்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் அதிக நேரம் பிடிக்கும். அம்மாவின் மூட்டு உனக்கு வந்திருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை, சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அகலத்துக்கு அடுத்தது உடம்பின் வளைவு. நடுப்பகுதி தரையிலிருந்து லேசாக எழும்பி நிற்பது கேம்பர். நீ ஏறி நின்றதும் அமுங்கி, ஓரம் முழு நீளத்துக்கும் தரையைப் பிடிக்கும். முனை வரும் முன்பே பலகை மேல்நோக்கி எழுவது ராக்கர், பனியில் குத்தாமல் ஏறிப் போக. உனக்கு வேண்டியது முனையில் நல்ல ராக்கர், காலுக்கடியில் கேம்பர், வாலில் கொஞ்சமே ராக்கர். முழுக்க ராக்கராக, நடுவும் கவிழ்ந்த மாதிரிப் பலகையும் உண்டு. ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கு வீரர் தண்ணீர் மேல் ஓடும் ஸ்கீயைப் பார்த்து அப்படி ஒன்றை யோசித்தார், வோலன்ட் கம்பெனி 2002 வாக்கில் ஸ்பேட்சுலா என்ற பெயரில் விற்றது. இன்றைய அகலப் பலகை பலவற்றில் அதன் சாயல் இருக்கிறது. ஆழப் பனியில் ராஜா, சீவிய தரையில் பாவம்.

உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நடுவில் பாப்ளர், பீச் மாதிரி மரம், மேலும் கீழும் கண்ணாடி இழை, சிலவற்றில் டைட்டனால் என்ற உலோகத் தகடு. பெயரைக் கேட்டு டைட்டானியம் என்று காசு கொடுக்காதே. துத்தநாகம், மக்னீசியம், செம்பு கலந்த அலுமினியம் அது. மரத்தோடு அலுமினியத்தை ஒட்டும் வேலையை வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் ஹோவர்ட் ஹெட், பால்டிமோரில் விமானக் கம்பெனி இன்ஜினியர். 1950-ல் அவர் விற்க ஆரம்பித்த ஸ்கீ மரப்பலகைக் காலத்தையே முடித்துவைத்தது. பின்னாளில் பெரிய முகம் வைத்த டென்னிஸ் மட்டையும் அவர் வேலைதான். இப்படிப்பட்ட ஆள் நம் கோயமுத்தூரில் பிறந்திருந்தால் பம்ப்செட்டை என்ன செய்திருப்பாரோ.

தகடு இருந்தால் பலகை கனக்கும், கலைந்த பனியில் உதறாமல் நேராகப் போகும். இல்லாவிட்டால் லேசாக, திருப்ப எளிதாக இருக்கும், வேகத்தில் மட்டும் படபடக்கும். நீ அறுபது கிலோகூட இல்லை. முழு நீளத்துக்கு இரண்டு தகடு வைத்த நோர்டிகா என்ஃபோர்சர் மாதிரிக் கட்டை உனக்கு வேண்டாம், அதை வளைக்கவே உனக்கு எடை பற்றாது. அதே கம்பெனியின் சாண்டா அனா வரிசையில் 95-க்கும் 100-க்கும் நடுவில் உள்ளது பெண்களுக்கென்று செய்தது, தகடு உண்டு, ஆனால் கட்டு இளகியது. சாலமன் க்யூஎஸ்டி லூமன் வரிசையில் அதே அகலத்தது இன்னும் கொஞ்சம் இளகல். இரண்டையும் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்துப் பார், காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மதியத்தில் எது கால் வலிக்காமல் இறங்குகிறதோ அது உன்னுடையது. பல கடைகளில் அந்த வாடகையை விலையில் கழித்துக்கொள்வார்கள், கேட்காமல் வந்துவிடாதே. நீளம் 163-லிருந்து 168 சென்டிமீட்டர், அதாவது உன் உயரத்துக்குக் கிட்டத்தட்ட. மோவாய் வரைக்கும் போதும் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே, ராக்கர் உள்ள பலகையில் தரையைத் தொடும் நீளம் ஏற்கெனவே குறைவு.

இதையெல்லாம்விட முக்கியம் ஒன்று இருக்கிறது. பலகைக்கு முன்னால் பூட்ஸ் வாங்கு. வாடகை பூட்ஸோடு 800 டாலர் பலகை வாங்குவது வீண் செலவு. கால் சொல்வதைப் பலகைக்குக் கொண்டுபோவது பூட்ஸ்தான். உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடு, விரல் முன்னால் தொடும்படி நில், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரியான அளவு. ஒரே ஒரு மெல்லிய காலுறை, இரண்டு போடாதே. நம் வீட்டுக் கால் எல்லாம் வரப்பில் வெறுங்காலோடு நடந்து அகன்ற கால். 98 மில்லிமீட்டர் அகல அச்சில் செய்ததைக் காட்டினால் தள்ளிவிடு, 100 அல்லது 102 கேள். கடையிலேயே அரைமணி நேரம் போட்டுக்கொண்டு நட. விற்கிறவருக்குப் பொறுமை போனால் போகட்டும்.

பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டுதான் பைண்டிங், அந்த விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காதே, மாப்பிள்ளை பேச்சையும்தான். விழும்போது பூட்ஸைக் கழற்றிவிட வேண்டிய இறுக்கம் எவ்வளவு என்பதற்கு அட்டவணை உண்டு. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஐந்தையும் பார்த்துத்தான் வைப்பார்கள். பயிற்சி பெற்ற ஆள்தான் வைக்க வேண்டும். தைரியசாலி என்று காட்ட விதத்தைக் கூட்டிச் சொல்லாதே. அட்டவணையில் வரும் உன் இறுக்க எண், பைண்டிங் ஸ்கேலின் நடுவில் விழுகிற மாதிரி எடு. பிரேக் கம்பி இடுப்பைவிடக் கொஞ்சம் அகலமாக, 98 பலகைக்கு 100 அல்லது 110. பூட்ஸ் அடி நடக்க வசதியான கிரிப்வாக் வகை என்றால் பைண்டிங்கும் அதை ஏற்க வேண்டும்.

புதிது வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சீசன் முடியும் மார்ச், ஏப்ரலில் அந்த வருட மாடலே நன்றாக விலை இறங்கும். பழையது என்றால் ஓரக் கம்பியில் விரிசல் இருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா, அடியில் மரம் தெரியும் அளவுக்குக் காயமா, பைண்டிங் மாட்ட ஏற்கெனவே எத்தனை தடவை துளை போட்டிருக்கிறார்கள் என்று பார். மிகப் பழைய பைண்டிங்கைக் கம்பெனியே கைவிட்டிருந்தால் கடைக்காரர்கள் தொடமாட்டார்கள். பலகை மலிவாகக் கிடைத்து பைண்டிங் குப்பைக்குப் போனால் கணக்கு உதைக்கும்.

வாங்கிய பிறகு ஈரத்தோடு பையில் போட்டு மூடாதே, ஒரே ராத்திரியில் ஓரம் துருப்பிடிக்கும். துடைத்து நிறுத்து. சாணை வேலைக்கு அடிப்பக்கம் 1 டிகிரி, பக்கவாட்டில் 2 டிகிரி என்று கேள். அடுத்த முறை வரும்போது என் அரத்தையும் வைரக்கல்லையும் பெரிய பெட்டியில் வைத்து எடுத்து வருகிறேன், அதுவரை கடையிலேயே செய்துகொள்.

பூட்ஸ் வாங்கியதும் குதிகால் பக்கம் பார். மில்லிமீட்டரில் மூன்று இலக்க எண் பொறித்திருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. கடையில் எழுதித் தரும் பைண்டிங் சீட்டையும் சேர்த்து அனுப்பு, நானும் ஒரு தடவை சரி பார்த்துவிடுகிறேன். அம்மா மஞ்சள்தூளும் நாட்டுச் சர்க்கரையும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், வேறு என்ன வேண்டும் என்று இந்த வாரத்துக்குள் அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா